லிம்பெட்டின் ஓடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கடற்கரைப் பாறையில் ஒட்டியிருக்கும் சிறு கூம்பு ஓட்டினைப் படம் எடுக்கிறோம். கையேட்டில் உள்ள படங்களோடு ஒப்பிடுகிறோம். உயரமாக இருந்தால் இந்தப் பெயர், தட்டையாக இருந்தால் அந்தப் பெயர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல உயிர்களுக்கு இந்த வழி ஓரளவு பலிக்கும். லிம்பெட் என்ற இந்தக் கூம்பு ஓட்டு நத்தைக்குப் பலிப்பதில்லை. உயரம், நிறம், விளிம்பின் வளைவு ஆகிய மூன்றும் அந்த உயிர் எந்த இனம் என்பதைவிட, அது எங்கே வளர்ந்தது என்பதையே பெரும்பாலும் சொல்கின்றன. அப்படியானால் ஓட்டினால் பயனே இல்லையா என்றால், நிச்சயம் இருக்கிறது. எந்த அடையாளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதை விளக்க, பிரிட்டன் கடற்கரைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் பட்டெல்லா வல்கேட்டா என்ற லிம்பெட்டை எடுத்துக்கொள்கிறேன். நார்வேயிலிருந்து போர்ச்சுகல் வரை பரவியிருக்கும் இந்த இனத்துக்கு லின்னேயஸ் 1758இல் பெயரிட்டார். உருவத்தில் இவ்வளவு மாறுபாடு காட்டும் உயிர் அந்தப் பாறைகளில் வேறு அதிகம் இல்லை.

## முதலில், லிம்பெட் என்பது எது

லிம்பெட் நத்தை வகுப்பைச் சேர்ந்தது. ஆனால் ஓட்டில் சுருள் கிடையாது, ஒரே கூம்புதான். கூம்புக்கு அடியில் அகன்ற தசைப் பாதம் இருக்கிறது. அந்தப் பாதத்தால் பாறையைப் பற்றிக்கொண்டால் கையால் பிடுங்குவது மிகக் கடினம். இது வாழும் இடம் ஓத இடைப்பகுதி. அதாவது, கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளியே தெரியும் பாறைப் பரப்பு. ஆகவே ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் தண்ணீரிலும், சில மணி நேரம் வெயிலிலும் காற்றிலும் அது காலம் தள்ள வேண்டும்.

சாப்பாடு, பாறை மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம். அதைச் சுரண்ட வாய்க்குள் ராடுலா என்ற பட்டை இருக்கிறது. நாடா போல நீண்ட அந்தப் பட்டையில் வரிசை வரிசையாகப் பற்கள். பற்களில் கோதைட் என்ற இரும்புக் கனிமம் கலந்திருக்கிறது. பட்டெல்லா வல்கேட்டாவின் பல்லை இழுவிசையில் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், உயிர்கள் உருவாக்கும் பொருள்களில் அதுவரை அளந்தவற்றிலேயே வலிமையானது அது என்று 2015இல் அறிவித்தார்கள். மேய்ச்சல் முடிந்ததும் லிம்பெட் பெரும்பாலும் தான் கிளம்பிய அதே இடத்துக்குத் திரும்பி வரும். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் விளிம்பைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கூம்பு ஓடு இருப்பதெல்லாம் உறவுக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அலை அடிக்கும் பாறையில் ஒட்டி வாழக் கூம்பு வசதியான வடிவம் என்பதால், நத்தைகளின் பல கிளைகளில் அது தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நம் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். இந்தியக் கடற்கரைப் பாறைகளில் செல்லானா ரேடியாட்டா என்ற உண்மையான லிம்பெட்டும் உண்டு, சைஃபொனேரியா என்ற போலி லிம்பெட்டும் உண்டு. சைஃபொனேரியா காற்றைச் சுவாசிக்கும் வேறொரு கிளையைச் சேர்ந்தது.

இந்த இரண்டையும் ஓட்டினை வைத்தே பிரித்துவிடலாம். காலி ஓட்டினைப் புரட்டி உட்புறத்தைப் பாருங்கள். தசை ஒட்டியிருந்த இடம் லாட வடிவத் தழும்பாகத் தெரியும். உண்மையான லிம்பெட்டில் லாடத்தின் திறந்த பக்கம் முன்னால், தலை இருந்த திசையில் இருக்கும். சைஃபொனேரியாவில் அந்த இடைவெளி வலப்பக்கம் இருக்கும். அதே பக்கத்தில் விளிம்பும் கொஞ்சம் புடைத்திருக்கும். எவ்வளவு வெயில் பட்டாலும், எவ்வளவு அலை அடித்தாலும் இந்த வேறுபாடு மாறாது. நம்பத் தகுந்த அடையாளம் என்றால் இதுபோல இருக்க வேண்டும்.

## ஒரே விதை, இரண்டு மரம்

கடலோரத்தில் நிற்கும் வேப்பமரத்தைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்காற்றில் குட்டையாகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிளைகள் நிலத்தை நோக்கிப் படர்ந்திருக்கும். அதே மரத்தின் விதையை ஊருக்குள் கிணற்றடியில் போட்டால் நெடுநெடுவென்று வளரும். உயரத்தையும் சாய்வையும் பார்த்து இரண்டும் வேறு வேறு மரம் என்று யாரும் சொல்வதில்லை. இலை, பூ, பழம் பார்க்கிறோம். அவை இரண்டிலும் ஒன்றுதான். மரத்தில் எது காற்றுக்கு வளைந்து கொடுக்கும், எது கொடுக்காது என்று நமக்குத் தானாகவே தெரிந்திருக்கிறது. லிம்பெட்டில் அந்தப் பழக்கம் நமக்கு இல்லை, அதுதான் சிக்கல்.

ஒரே மரபுப் பண்பு கொண்ட உயிர், வளரும் சூழலுக்கு ஏற்ப வேறு வேறு உருவம் எடுப்பதை உருவ நெகிழ்வு என்று சொல்வோம். லிம்பெட்டுக்கு இது மிகவும் தேவையான திறன். அதன் முட்டையும் விந்தும் கடலில் கலக்கின்றன. பிறக்கும் இளவுயிர் நாள்கணக்கில் அலையோடு மிதந்துவிட்டு ஏதோ ஒரு பாறையில் இறங்குகிறது. அது வெயில் காயும் உச்சியாக இருக்கலாம், எப்போதும் ஈரமான பள்ளமாகவும் இருக்கலாம். எங்கே போய்ச் சேருவோம் என்று தெரியாத உயிருக்கு, சேர்ந்த இடத்துக்குத் தக்கபடி ஓடு கட்டத் தெரிந்திருப்பது பெரிய பலம்.

ஓடு முழுவதும் நெகிழ்வு மட்டும்தான் என்றும் இல்லை. பிறப்பில் வந்த வேறுபாடும் இருக்கிறது, சூழல் கொடுத்த வேறுபாடும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஓட்டில் கலந்து கிடப்பதால்தான் அடையாளம் காண்பது கடினமாகிறது.

## ஓடு விளிம்பில் வளர்கிறது

லிம்பெட்டின் உடலைச் சுற்றி மெல்லிய சதை மடிப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மாண்டில். ஓட்டுக்கான சுண்ணாம்புப் பொருளைச் சுரப்பது அதுதான். புதிய ஓடு விளிம்பில் மட்டுமே சேர்கிறது. ஏற்கெனவே கட்டியதை உயிர் மாற்றி அமைப்பதில்லை. உட்புறத்தில் தடிமன் கூடலாம், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. கூம்பின் உச்சிதான் குழந்தைப் பருவம். விளிம்பு நேற்று முளைத்தது. உச்சியிலிருந்து விளிம்பு வரை பார்த்துக்கொண்டே வந்தால் அந்த உயிர் எப்படி வாழ்ந்தது என்று வரிசையாகத் தெரியும். வாழ்க்கையின் நடுவில் இடம் மாறியிருந்தால் அதுவும் ஓட்டில் பதிந்திருக்கும். வறண்ட பாறையில் வளர்ந்த லிம்பெட் எப்போதும் நீர் நிற்கும் குட்டைக்குப் போனால், பழைய செங்குத்தான கூம்பைச் சுற்றிப் புதிய வளர்ச்சி அகலமாகப் பரவி, ஓட்டில் ஒரு படி விழுந்ததுபோல் தெரியும். பழைய ஓடுகளில் உச்சி பெரும்பாலும் தேய்ந்துபோயிருக்கும் என்பதுதான் வருத்தம். ஆரம்பக் கதை அங்கே அழிந்துவிடுகிறது.

## உயரம் ஏன் மாறுகிறது

பட்டெல்லா வல்கேட்டாவில் பொதுவாகக் காணும் போக்கு இது: கரையின் மேல்பகுதியில், அதிக நேரம் வெயிலில் காயும் பாறைகளில் ஓடு உயரமாக இருக்கும். கீழே, ஈரம் நிலைக்கும் இடத்தில் தட்டையாக இருக்கும்.

இதற்கு ஒரு விளக்கத்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஜே.எச். ஆர்ட்டன் என்ற பிரிட்டிஷ் கடலுயிரியலாளர் முன்வைத்தார். வறண்ட இடத்தில் வாழும் லிம்பெட், உடல் ஈரத்தைக் காக்க நீண்ட நேரம் தசையை இறுக்கிக்கொண்டு பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. அப்படி இறுக்கும்போது மாண்டிலும் உள்ளே இழுபடுகிறது. உள்ளே இழுபட்ட மாண்டில் சுரக்கும் புதிய விளிம்பு வெளியே விரிவதில்லை, கீழ்நோக்கியே இறங்குகிறது. அடி அகலாமல் கூம்பு உயர்கிறது. ஈரமான இடத்தில் உயிர் தளர்வாக இருக்க முடிகிறது. மாண்டில் வெளியே விரிகிறது. ஓடும் அகன்று தட்டையாகிறது.

உயரமான கூம்பால் இன்னொரு நன்மையும் உண்டு. உடலின் அளவோடு ஒப்பிட்டால் பாறையைத் தொடும் விளிம்பின் நீளம் குறைவு. ஈரம் கசிந்து போகும் வழியும் அந்த விளிம்புதான். அலையின் வேகம், வளர்ச்சி வேகம், பாறையின் தன்மை ஆகியவையும் உயரத்தை மாற்றும். அதனால் எந்த உயரத்தையும் ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 மி.மீ. நீளமும் 20 மி.மீ. உயரமும் உள்ள ஓட்டில், உயரத்தை நீளத்தால் வகுத்தால் 0.5 வருகிறது. அதே 40 மி.மீ. நீளத்துக்கு 12 மி.மீ. உயரம் என்றால் 0.3. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு இனம் என்றே தோன்றும். ஆனால் இரண்டுமே பட்டெல்லா வல்கேட்டாவாக இருக்கலாம்.

விளிம்பின் கதையும் இதேபோலத்தான். மேய்ச்சல் முடிந்து திரும்பும் லிம்பெட் ஒரே இடத்தில் ஒரே திசையில் அமர்கிறது. கடினமான பாறையில் ஓட்டின் விளிம்பு தேய்ந்து, பாறையின் மேடு பள்ளத்துக்கு இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. மென்மையான பாறை என்றால் பாறைதான் தேயும். அங்கே நீள்வட்டத் தழும்பு விழும். ஆக, விளிம்பு நெளிந்திருப்பது அந்தப் பாறையின் வடிவம்தான். இனத்தின் அடையாளம் அல்ல.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: ஓடு விளிம்பில் வளர்கிறது, வளரும் கோணத்தைச் சூழல் மாற்றுகிறது, விளிம்பின் நெளிவு பாறையால் வருகிறது. ஆகவே உயரமும் விளிம்பும் முகவரியைச் சொல்லும், பெயரைச் சொல்லாது.

## நிறமும் அப்படித்தான்

நிறத்துக்கு நல்ல உதாரணம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. லோட்டியா டிஜிட்டாலிஸ் என்ற லிம்பெட் வெறும் பாறையில் வாழும்போது கருமையும் பழுப்புமாக இருக்கும். பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிரான கொட்டலசில், கழுத்து நீண்ட ஒருவகையின் கூட்டத்தின் மேல் வாழும்போது வெளிறி, மெல்லிய கருங்கோடுகளோடு இருக்கும். கொட்டலசின் வெள்ளைத் தகடுகளுக்கு நடுவே அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே இனம் என்று நம்புவது கடினம்.

அதே கரையின் லோட்டியா பெல்டா இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பெரிய பழுப்புக் கடற்பாசியின் தண்டில் இளமையைக் கழித்தது வழவழப்பாகவும் பழுப்பாகவும் இருக்கும். பிறகு பாறைக்கு மாறினால், அதற்கப்புறம் வளரும் பகுதி பாறையில் வாழும் லிம்பெட் போலவே ஆகிவிடும். உச்சி ஒரு மாதிரி, ஓரம் வேறு மாதிரி. ஒரே ஓட்டில் இரண்டு இனம் ஒட்டி வைத்ததுபோல் தெரியும் இந்த ஓடுகளை நான் மிகவும் விரும்புகிறேன். உருவ நெகிழ்வுக்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட மாறுபாடு பெயர்களையும் பெருக்கிவிடும். மேற்கு மத்தியதரைக் கடலில் அழியும் நிலையில் உள்ள பட்டெல்லா ஃபெருஜினியாவுக்கு உயரமான உருவம் ஒன்று, தட்டையான உருவம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் தனிப் பெயர்கள் வழங்கின. இன்று இரண்டும் ஒரே இனம் என்றுதான் கொள்ளப்படுகிறது.

## பிரிட்டனின் மூன்று பட்டெல்லாக்கள்

சரி, மாறுவதை எல்லாம் ஒதுக்கினால் மிச்சம் என்ன இருக்கிறது? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. பிரிட்டன் கரைகளில் ஓரளவு ஒன்றுபோலவே தோன்றும் பட்டெல்லா இனங்கள் மூன்று: வல்கேட்டா, டிப்ரெஸ்ஸா, யுலிசிப்போனென்சிஸ்.

முதலில் கேட்க வேண்டியது, எந்த ஊர் என்பது. டிப்ரெஸ்ஸா தெற்கத்தி இனம். பிரிட்டனில் அது பெரும்பாலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும்தான் வாழ்கிறது, அயர்லாந்தில் இல்லை. ஸ்காட்லாந்தின் வடக்கில் ஒரு தட்டையான ஓடு கிடைத்தால், அதை டிப்ரெஸ்ஸா என்று சொல்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். தட்டையான வல்கேட்டாவாகவோ யுலிசிப்போனென்சிஸாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்து, கரையில் எந்த மட்டம். வல்கேட்டா ஓத இடைப்பகுதியில் பரவலாக எங்கும் இருக்கும். டிப்ரெஸ்ஸா அலை மோதும் நடுமட்டத்தை விரும்பும். யுலிசிப்போனென்சிஸ் கீழ்மட்டத்திலும், இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்த பாறைக் குட்டைகளிலும் அதிகம்.

பிறகு ஓட்டின் உட்புறம். வெளிப்புறம் தேய்ந்து, பாசியும் கொட்டலசும் மூடிக் கிடக்கும். உட்புறத்துக்கு அந்தக் கதி இல்லை. வல்கேட்டாவின் உட்புறம் சாம்பலும் பச்சையும் கலந்தாற்போல் இருக்கும், நடுத்தழும்பு வெள்ளிபோல மங்கலாக மினுங்கும். டிப்ரெஸ்ஸாவில் விளிம்பை ஒட்டிக் கருங்கதிர்கள் தெளிவாகத் தெரியும். யுலிசிப்போனென்சிஸ் பீங்கான் வெள்ளை. நடுத்தழும்பில் ஆரஞ்சுச் சாயல் இருப்பதுண்டு. வெளிப்புறத்தில் ஒரு பெரிய வரிக்கும் அடுத்த பெரிய வரிக்கும் இடையே சில சிறு வரிகள் மாறி மாறி வரும் ஒழுங்கும் யுலிசிப்போனென்சிஸில் அடிக்கடி காணலாம். உச்சி நடுவில் இல்லாமல் முன்பக்கம் தள்ளியிருப்பது டிப்ரெஸ்ஸா, யுலிசிப்போனென்சிஸ் இரண்டுக்கும் பொது என்பதால் அதை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது.

ஆனால் உயிருள்ள லிம்பெட்டில் மிக உறுதியான சாட்சி ஓட்டில் இல்லை, அடியில் இருக்கிறது. பாதத்தின் நிறமும், மாண்டில் விளிம்பில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உணர்நீட்சிகளின் நிறமும்தான் அது. டிப்ரெஸ்ஸாவின் பாதம் கருமை, உணர்நீட்சிகள் சுண்ணாம்பு வெள்ளை. கருமைக்கு எதிரே அந்த வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். வல்கேட்டாவின் உணர்நீட்சிகள் நிறமற்றவை, ஒளி ஊடுருவும்; பாதம் மஞ்சள், ஆரஞ்சு, அழுக்குப் பச்சை என்று மாறும். யுலிசிப்போனென்சிஸின் பாதம் வெளிர்மஞ்சள் முதல் ஆப்ரிக்காட் பழ நிறம் வரை.

பாதத்தைப் பார்க்க லிம்பெட்டைப் பெயர்த்தாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தெரியாமல் நெம்பினால் பாதம் கிழியும், விளிம்பு உடையும். பிழைத்தாலும், அதன் ஓடு பொருந்தும் இடம் பாறையில் ஒன்றே ஒன்றுதான். வேறு இடத்தில் வைத்தால் சரியாகப் பொருந்தாது. ஈரம் போகும், பறவைக்கோ நண்டுக்கோ இரையாகும். பழகியவர்களே தேவைக்கு மட்டும் எடுத்து அதே தழும்பில் திரும்ப வைப்பார்கள். ஆர்வத்துக்காகப் பார்ப்பவர்கள் பெயர்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பெயர் தெரிந்துகொள்வதற்கு ஓர் உயிர் விலையாக வேண்டாம்.

சுருக்கமாக: ஊர், கரை மட்டம், உட்புற நிறம், பாதமும் உணர்நீட்சியும் என்ற வரிசையில் பார்த்தால் நம்பிக்கை கூடிக்கொண்டே போகும். எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. இவையும் போதாதபோது நிபுணர்கள் ராடுலாப் பற்களை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள், அல்லது டி.என்.ஏ.வின் ஒரு சிறு பகுதியைப் படித்து ஒப்பிடுகிறார்கள்.

பழைய நூல்களைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய டிப்ரெஸ்ஸா பல பழைய ஆய்வுகளில் இன்டர்மீடியா என்ற பெயரில் வரும். யுலிசிப்போனென்சிஸ், ஆஸ்பெரா என்றும் அத்லெட்டிக்கா என்றும் வரும். பெயர் மாறியிருக்கிறதே ஒழிய, பாறையில் இருக்கும் உயிர் அதேதான்.

## பெயர் சரியாக இருக்க வேண்டிய அவசியம்

ஒரு சின்ன ஓட்டுக்கு இவ்வளவு கவனம் எதற்கு என்று தோன்றலாம். அந்தப் பாறையில் என்ன வளரும் என்பதைத் தீர்மானிப்பதே லிம்பெட்தான். 1940களில் ஐல் ஆஃப் மேன் தீவில் ஒரு பாறைப் பட்டையிலிருந்து லிம்பெட்டுகளை அகற்றிப் பார்த்தார்கள். அந்தப் பட்டையில் மட்டும் கடற்பாசி அடர்ந்து வளர்ந்தது. 1967 மார்ச்சில் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் கார்ன்வால் அருகே பாறையில் மோதியபோது இதே விஷயம் பெரிய அளவில் நடந்தது. எண்ணெயைக் கரைக்கத் தெளித்த நச்சு ரசாயனங்களால் லிம்பெட்டுகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. மேய ஆளில்லாத பாறைகள் முதலில் பச்சைப் பாசியாலும், பிறகு பழுப்புக் கடற்பாசியாலும் மூடிக்கொண்டன. மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்கள் பழைய நிலைக்கு வர 10 ஆண்டுக்கு மேல் ஆனது.

இப்போது கடல் சூடாகிறது. குளிர்ச்சியை விரும்பும் வல்கேட்டாவும் வெப்பத்தை விரும்பும் டிப்ரெஸ்ஸாவும் தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரே பாறையில் வாழ்கின்றன. எது எத்தனை இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் எண்ணி வந்தால் மாற்றம் தெரியும். தட்டையான வல்கேட்டாக்களை எல்லாம் டிப்ரெஸ்ஸா என்று எண்ணிவிட்டால், நடக்காத மாற்றம் நடந்ததாகப் பதிவாகிவிடும். தன்னார்வலர்கள் அனுப்பும் பதிவுகளும் இந்தக் கணக்கில் சேர்கின்றன என்பதால், பொதுமக்கள் பெயரிடுவதில் உள்ள கவனம் உண்மையிலேயே முக்கியம்.

## காலி ஓடு கையில் இருந்தால்

அலையில் ஒதுங்கிய ஓட்டுக்குப் பாதமும் இல்லை, கரை மட்டமும் தெரியாது. உட்புறம் மட்டுமே மிச்சம். அதுவும் மணலில் உருண்டு வெளுத்துப்போயிருக்கலாம். அப்படிப்பட்ட ஓட்டுக்கு "பட்டெல்லா" என்று பேரினம் வரை மட்டும் எழுதி நிறுத்துவது முழுமையான, சரியான பதில். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான குட்டி ஓடுகளுக்கும் இதே விதிதான். அந்த வயதில் அடையாளங்கள் இன்னும் தெளிவாவதில்லை.

பதிவு செய்வதென்றால் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், காலி ஓடாக இருந்தால் உட்புறம் ஒரு படம் எடுங்கள். அருகில் அளவுகோல் வையுங்கள். இடம், தேதி, பாறையில் எந்த மட்டம், ஈரமா வறண்டதா, சுற்றிலும் கொட்டலசா பாசியா என்று எழுதுங்கள். ஒரே ஓட்டினைப் படமெடுப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும் பத்துப் பதினைந்தையும் சேர்த்து எடுப்பது மேல். மேலிருந்து கீழாகப் போகப் போக ஓடு எப்படிப் படிப்படியாகத் தட்டையாகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். படிப்படியாக மாறினால் பெரும்பாலும் ஒரே இனம். ஒரே மட்டத்தில், ஒரே பாறையில், உட்புறமும் பாதமும் திட்டவட்டமாக இரண்டு வகையாகப் பிரிந்து, நடுவே இடைப்பட்டவை இல்லை என்றால், அங்கே இரண்டு இனங்கள் இருக்கின்றனவா என்று கேட்கத் தொடங்கலாம்.